ஈரமில்லாத சுவர்

அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். கிளைவ் அதைப் போனில் சொன்னான், அவ்வளவே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவான பார்சன்ஸ் குளோஸில் இருப்பவர்கள் எல்லாரும் என் கணவன் கிளைவ் ஸ்கெல்டனைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவ பாவம், புருஷன் சொன்னதுக்குத் தலையாட்டியிருப்பா" என்கிறார்களாம். அது என் காதுக்கு வந்தது. நான் போய் இல்லையென்று சொல்லவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் நாங்கள் ஒரு மீன் வறுவல் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். காலை பதினோரு மணிக்குக் கீழே எண்ணெய் காயத் தொடங்கும். துணி, தலையணை, என் தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாடைதான். கிளைவ் டயர் கடையில் விற்பனைக்கு நின்றான். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்தேன். வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் போகும் கடிதங்களை அடிப்பது என் வேலை. பக்கத்து மேஜைக்காரி நான் உள்ளே வரும்போது மூக்கை உறிஞ்சி, "அட, இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?" என்பாள். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வீடு மீன் வறுவல், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சன்னலைத் திறந்துவிடுவேன்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஏப்ரலில் பார்சன்ஸ் குளோஸ் எட்டாம் எண் வீட்டைப் பார்த்தோம். பதினோரு வீடுகள், நடுவில் ஒரு வட்டப் புல்தரை, ஒரே வழி. உள்ளே வந்தவர்கள் அதே வழியாகத்தான் வெளியே போகவேண்டும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதெல்லாம் எல்லாச் சன்னலிலும் தெரியும். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குள் எந்த வாடையும் இல்லை என்பது மட்டும் உறைத்தது.

விற்றவர் மிஸஸ் மேவிஸ் டான்ஸ்லி. அறுபத்தாறு வயது. கணவர் ஆல்ஃப் இறந்து இரண்டு வருடம். ஏஜென்ட்டை வாசலில் நிறுத்திவிட்டு அவரே வீட்டைச் சுற்றிக் காட்டினார். விற்கிறவர் பேசுகிற பேச்சா அது!

"மூணாவது படி கத்தும். குளிர்காலத்துல இன்னும் மோசமாக் கத்தும். இந்த அலமாரிக் கதவு முரண்டு பிடிக்கும், கொஞ்சம் தூக்கித் திறக்கணும். பாய்லர் பழசு. ஆறாம் நம்பர் பூனை உங்க பூப்பாத்தியிலதான் வந்து உட்காரும், விரட்டினாலும் போகாது. அப்புறம் ஏன் சொல்லலைன்னு கேக்கக் கூடாது பாருங்க."

ஐம்பத்தெட்டாயிரம் பவுண்டுக்குப் பேசி முடித்தோம். அவர் மேபிள்தார்ப்பில் கடலோரமாக ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குச் சொல்லிவைத்திருந்தார். அடுக்களைச் சன்னலிலிருந்து கடல் தெரியுமாம். திரைத்துணிகூட வாங்கியாகிவிட்டது என்று எடுத்துக் காட்டினார். மஞ்சளில் வெள்ளைக் கோடு.

எங்கள் ஊரில் வாய்ப்பேச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம் ஓடும். அதற்குள் யாரும் மனதை மாற்றிக்கொள்ளலாம், சட்டம் கேட்காது. ஜூன் மாதம், கையெழுத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கிளைவ் கடையிலிருந்து ஒரு மாதிரி முகத்தோடு வந்தான்.

"நம்ம கடை ட்ரெவர் இருக்கான்ல, அவன் கடைசி நாள்ல நாலாயிரம் குறைச்சு வாங்கியிருக்கான். கடைசி நேரத்துல யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களாம். அவங்களும் அடுத்த வீட்டுக்குப் போக மூட்டை கட்டிட்டு நிப்பாங்களாம்."

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒரு காரணம் சொல்லணுமே" என்றான். "பாய்லர்னு சொல்லவா?"

"பாய்லர் பழசுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கூரைன்னு சொன்னா ஆள் ஏறிப் பார்ப்பாங்க." எத்தனை கடிதம் அடித்திருக்கிறேன்! கையும் மனதும் அதில் பழகியிருந்தது. "ஈரம்னு சொல்லு. முன்பக்கச் சுவர்ல அடியிலிருந்து ஈரம் ஏறுது, சர்வேயர் சொல்லிட்டார்னு சொல்லு. ஈரம்னா எல்லாரும் பயந்துடுவாங்க. ரிப்போர்ட்டைக் காட்டுன்னு வயசான பொம்பளை கேக்க மாட்டாங்க."

வாங்கும் முன் வீட்டைச் சோதிக்க நாங்கள் அனுப்பிய சர்வேயரின் ரிப்போர்ட் அதே மேஜையில்தான் கிடந்தது. மே மாதமே வந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில், சுவர்கள் காய்ந்திருக்கின்றன, சுமார் பதினைந்து வருடம் முன்பு செங்கல்லில் துளையிட்டு மருந்து செலுத்தி ஈரத்தடுப்பு செய்திருக்கிறார்கள், வேலை சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. நான் உருளைக்கிழங்குத் தோலைத் துடைத்துவிட்டு ரிப்போர்ட்டை மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். அதை ஏன் எடுத்து உள்ளே வைக்கிறோம் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் காலை கிளைவ் ஏஜென்ட்டுக்குப் போன் செய்து ஆறாயிரம் குறைக்கச் சொன்னான். அன்று மதியமே ஏஜென்ட் திரும்பக் கூப்பிட்டான். "சரின்னுட்டாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. 'அப்படியா, எனக்குத் தெரியாதே, அவங்களுக்குக் கஷ்டமாச்சே'ன்னாங்க" என்றான். நாங்கள் ஒரு பாட்டில் ஒயின் வாங்கிக் குடித்தோம். மிச்சமான பணத்தில் பின்புறம் ஒரு கண்ணாடி அறை கட்டலாம் என்று கிளைவ் சிகரெட் அட்டையின் பின்னால் படம் போட்டான்.

ஜூலையில் குடிபோனோம். சாமான் வண்டி வந்து நின்ற அரைமணியில் எதிர்வரிசை நாலாம் எண்ணிலிருந்து ஒரு பெண்மணி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புல்தரையைத் தாண்டி வந்தார். கிட்டே வந்த பிறகுதான் மிஸஸ் டான்ஸ்லி என்று தெரிந்தது. அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, அவரைவிடக் குள்ளம், கையைக் கட்டிக்கொண்டு.

"எலுமிச்சை கேக் கண்ணு. இன்னைக்கு உங்களுக்குச் சமைக்கவா நேரம் இருக்கும்?" என்றார் மிஸஸ் டான்ஸ்லி. "இது டோரின், என் தங்கச்சி. இப்ப இவ வீட்டுலதான் இருக்கேன்."

"மேபிள்தார்ப் போகலையா?" என்று கேட்டேன்.

"அது நடக்கலை. கணக்கு இடிச்சுது, அவங்க வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. போகட்டும். கடல் காத்து மூட்டுக்கு ஆகாதுன்னு டாக்டரும் சொன்னார்." அப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சுவர் விஷயம். சத்தியமா எனக்குத் தெரியாது லோர்னா. தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமா இருக்கு."

"பரவாயில்லைங்க" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"முப்பத்திரண்டு வருஷமா அந்த வீட்டுக்குப் போய் வர்றேன். ஒரு நாளும் ஒரு வாடையும் எனக்கு வரலை" என்றாள் டோரின்.

"உனக்கு எப்பவும் ஜலதோஷம்" என்று அக்கா அவளை அடக்கினார்.

அந்த கேக்கை நாங்கள் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

மிஸஸ் டான்ஸ்லி குளோஸ் முழுக்கத் தன் வெட்கத்தைச் சொல்லி வைத்திருந்தார். விற்ற வீடு இப்படி ஆகிவிட்டதே, இளம் ஜோடி, பாவம், முதல் வீடு என்று. அதனால் வந்த முதல் வாரத்திலிருந்தே எங்களுக்கு அனுதாபம் குவிந்தது. இரண்டாம் எண்ணில் இருந்த பள்ளிக்கூட டீச்சர், சுவரிலிருந்து சோபாவைத் தள்ளிப் போடச் சொன்னார். பத்தாம் எண்காரர் ஒரு பெயிண்டின் பேரை எழுதிக் கொடுத்தார். ஏழாம் எண் மிஸ்டர் போகாக் சும்மா யோசனை சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி இந்த டப்பாவில தண்ணியா விடும். என் தம்பி வீட்டு நிலவறையில ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் எடுத்துச்சு. முன்னறையில வைங்க. எவ்வளவு வருதுன்னு நான் வந்து பார்க்கிறேன்."

அவர் ஞாயிறு காலை வந்து பார்த்தார். டப்பாவின் அடியில் ஒரு டீ கப் அளவுக்குக்கூட இல்லை. குனிந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், மிஷினைத் தட்டினார். "பழுதாயிடுச்சோ என்னமோ. இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று போனார்.

அடுத்த சனிக்கிழமை நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், கிளைவ் முன்னறையில் மண்டியிட்டு அந்த டப்பாவில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"என்ன பார்க்கிறே? அவர் கேப்பார்ல" என்றான்.

நான் துணிக்கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். போகாக் வந்தபோது டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. "அடேயப்பா!" என்று தூக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். சில வாரம் கிளைவ் மறந்துவிடுவான், நான் ஊற்றுவேன். எவ்வளவு ஊற்றினால் நம்பும்படி இருக்கும் என்றுகூட யோசித்து ஊற்றினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது, இல்லையா? அப்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. குளோஸிலேயே காய்ந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாங்களே அதற்கு ஈரத்தைச் சுமந்தோம்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் ஆபீஸுக்கு லீவு. தவறி எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தைக் கொடுக்க நாலாம் எண்ணுக்குப் போனேன். டோரின் வெளியே போயிருந்தாள். மிஸஸ் டான்ஸ்லி விடாமல் உட்காரவைத்து டீ போட்டார். அடுக்களை அலமாரியில் ஒரு போட்டோச் சட்டம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ஆல்ஃப்தான். நிக்கட்டும் அப்படியே, அவருக்கு வேணும்" என்றார்.

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்தேன்.

"எண்பத்தொண்ணுல எங்கம்மா ஹல் ஊர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. நான் மூணு வாரம் அங்கேயே இருந்தேன். அந்த வருஷம் நாங்க ஸ்பெயின் போறதா இருந்துச்சு, பணம் சேர்த்து வெச்சிருந்தோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, நீச்சல் உடை வேற வாங்கி வெச்சிருந்தேன், கேவலம். திரும்பி வந்தா இவர் சொல்றார், 'மேவிஸ், பணத்தை எடுத்துட்டேன், முன்சுவர்ல ஈரம் ஏறிச்சு, ஆள் விட்டு ஊசி போட்டாச்சு, இனி நம்ம காலத்துக்கும் கவலையில்லை'ன்னு. நானும் நம்பினேன். எனக்கு ஊசியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. வீடு நல்லா இருந்தாச் சரி, ஸ்பெயின் எங்க ஓடிடப் போகுதுன்னு விட்டேன். அப்புறம் நாங்க போகவே இல்லை."

டீயைக் கலக்கினார். சர்க்கரையே போடவில்லை, ஆனாலும் கலக்கினார்.

"இப்பத்தானே தெரியுது, சுவர்ல எந்த வேலையும் நடக்கலைன்னு. நடந்திருந்தா எப்படி ஈரம் ஏறும்? அப்ப அந்தப் பணம் எங்க போச்சு? டோரின் சொல்றா, கிளப்புல பீர் ஊத்திக் கொடுப்பாளே ஒரு செம்பட்டைத் தலைக்காரி, அவளாத்தான் இருக்கும்னு. எனக்கு அந்த நினைப்பே வந்ததில்லை லோர்னா. முப்பத்தஞ்சு வருஷம். ஒருநாள்கூட வந்ததில்லை. இப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது, அன்னைக்கு ஏன் லேட்டா வந்தார், இன்னைக்கு ஏன் புதுச் சட்டைன்னு. ஞாயித்துக்கிழமை தவறாம கல்லறைக்குப் பூ எடுத்துட்டுப் போவேன். ஆகஸ்ட்லயிருந்து போகலை. போய் அந்த ஆள்கிட்ட என்ன பேச?"

அந்தப் பணம் எங்கள் முன்சுவரில்தான் இருந்தது. வாசல் பக்கம் ஹைட்ரேஞ்சியாச் செடிகளை விலக்கினால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செங்கல்லில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் சிமெண்ட் அடைப்பு. சர்வேயர் படமே எடுத்து ஒட்டியிருந்தார். அதை அறிந்த நான் அவர் எதிரில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சே, பாவம்" என்றேன். உண்மையாகவே அப்படிச் சொன்னேன்.

அன்று கிளைவிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. அவனும் கல் இல்லை. ஆனால் அவனுக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"இப்ப என்ன பண்ணச் சொல்றே? போய் ஒத்துக்கணுமா? இந்தக் குளோஸ்ல அப்புறம் தலை காட்ட முடியுமா? அவங்க வீட்டுக்காரர் செத்துட்டார் லோர்னா. அவருக்கு இனி என்ன?"

"அவங்க உயிரோடதானே இருக்காங்க."

"அப்ப ஆறாயிரத்தை எடுத்துட்டுப் போய்க் கொடு. கண்ணாடி அறையைப் பேர்த்து எடுத்துட்டுப் போ." கதவைச் சாத்திக்கொண்டு, அதற்குள் கட்டி முடித்திருந்த அந்த அறையில்தான் போய் உட்கார்ந்தான். நாலு பக்கமும் கண்ணாடி. அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பத்தாம் எண்காரர்கள்கூடப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உண்மையைச் சொல்லாமல் ஆல்ஃபை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று. கெட்டிக்காரத்தனம்! அந்த வார வெள்ளிக்கிழமை அக்கா தங்கை இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது போனேன்.

"ஒரு நல்ல சேதி. முந்தாநாள் ஒரு ஆள் வந்து சுவரைப் பார்த்தார். உங்க வீட்டுக்காரர் ஈரத்தடுப்பு வேலை செஞ்சுதான் இருக்காராம். துளையெல்லாம் இருக்கு. பழசாகிப் போனதால இப்ப கெட்டுப்போச்சாம், அவ்வளவுதான்."

மிஸஸ் டான்ஸ்லியின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. பார்த்தேன். ஆனால் டோரின் பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள்.

"முந்தாநாள்னா புதன்கிழமையா?"

"ஆமா."

"என்ன நேரம்?"

"மத்தியானம்... மூணு மணி இருக்கும்."

"புதன்கிழமை எனக்குப் பல் பிடுங்கின நாள். காலைல பிடுங்கிட்டு வந்து இதோ இந்தச் சன்னலோரம் நாள் பூரா உட்கார்ந்திருந்தேன். உங்க வீட்டுக்குத் தபால்காரர் வந்தார். ஆறாம் நம்பர் பூனை வந்துச்சு. வேற யாரும் வரலை."

என் காது சூடானது. கழுத்துவரை இறங்கியது. ஏதோ உளறினேன், நாள் மாறியிருக்கும் என்று.

"டோரின், விடு" என்றார் மிஸஸ் டான்ஸ்லி. எழுந்து வந்து என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்த வெளிச்சம் அணைந்துவிட்டிருந்தது. "எனக்காக இட்டுக்கட்டிட்டு வந்திருக்கா. என் மனசு ஆறட்டும்னு. உனக்குப் பொய் சொல்லக்கூட வரலை கண்ணு. உன்னை மாதிரி ஒரு பொண்ணுக்கு அந்த வீட்டை அப்படி வித்தேனே, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறலை."

எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று நினைவில்லை. வாழ்நாளில் நான் சொன்ன அத்தனை பொய்யும் நம்பப்பட்டது. அன்று சொன்னதில் பாதி உண்மை, அதைத்தான் அவர் நம்பவில்லை. நம்பாமல் எனக்கு நன்றி சொன்னார்.

மறு வாரம் வியாழக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டேன். டோரின் கடைத்தெருவுக்குப் போனதைச் சன்னலில் பார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கிளைவிடம் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

மிஸஸ் டான்ஸ்லி கதவைத் திறந்ததும், "வா வா, நனையாதே" என்றார். நான் உட்காரவில்லை. ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன்.

"இதைப் படிங்க."

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். உதட்டை அசைத்து ஒருமுறை படித்தார். பக்கத்தின் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது எப்ப வந்தது?"

"மே மாசம்."

"நீங்க விலையைக் குறைக்கச் சொன்னது..."

"ஜூன்ல. சுவர்ல ஈரமே இல்லை மிஸஸ் டான்ஸ்லி. நாங்க பொய் சொன்னோம். பணத்துக்காக."

நாங்கள் என்றேன். நான் என்று சொல்லத்தான் போனேன். வாய்க்குள் வந்து அது நாங்கள் ஆகிவிட்டது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மனுஷன் செஞ்சிருக்கார்."

"செஞ்சிருக்கார். வேலை சுத்தமா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"ஊசி போட்டாச்சுன்னார். சொன்ன மாதிரியே செஞ்சிருக்கார்." கையால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் தோள் மட்டும் குலுங்கியது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவர் மற்ற கையை நீட்டி நிறுத்தினார். "நான் அவரை என்னவெல்லாம் பேசினேன். டோரின்கிட்ட உட்கார்ந்து என்னவெல்லாம் பேசினேன். செத்த மனுஷன், வாயைத் திறந்து இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு மூடினார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இப்ப வீட்டுக்குப் போங்க, மிஸஸ் ஸ்கெல்டன். இந்தத் தாளை நான் வெச்சுக்கிறேன்."

பத்து நிமிடத்தில் அவர் மழைக்கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு, குடை எடுக்காமல், பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதைப் பார்த்தேன். கல்லறைக்குப் போகும் பஸ் அதுதான். பூ வாங்கக் கடை வழியே போகவில்லை.

சாயங்காலம் கிளைவிடம் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைப் பாதி அவிழ்த்தான். "நல்லதாப் போச்சு" என்றான். "என்னால ஊத்த முடியலை அந்தத் தண்ணியை."

சனிக்கிழமைக்குள் விஷயம் குளோஸ் முழுக்கப் பரவியிருந்தது. அன்று போகாக் தள்ளுவண்டியோடு வந்தார். உள்ளே வரவில்லை. கிளைவ்தான் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். அவர் டப்பாவை வெளியே இழுத்து, ஓரத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"சுண்ணாம்பு. குழாய்த் தண்ணியிலதான் இது இருக்கும். காத்துல இருந்து எடுக்கிற தண்ணியில இருக்காது."

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றான் கிளைவ்.

"செப்டம்பர்ல."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"என்னன்னு கேக்கறது?" என்றார் போகாக். டப்பாவை உள்ளே தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வேறு யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. யாராவது வந்து காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்திருப்பேன். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். காலை வணக்கம் நிற்கவில்லை. மழை, குளிர், குப்பை வண்டி வருகிற நாள் எல்லாம் முன்போலவே பேசினார்கள். பேசி முடித்ததும் ஒரு நொடி முன்னாலேயே திரும்பிவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குளோஸில் எல்லார் கதவுத் தபால் துவாரத்திலும் வாழ்த்து அட்டைகள் விழுந்தன. எங்கள் கதவில் டயர் கடையிலிருந்து வந்த ஒன்று மட்டும் விழுந்தது.

கிளைவ் காரை விற்றான். மிச்சத்துக்குக் கடன் வாங்கினான். ஆறாயிரத்துக்கும் காசோலை எழுதி, ஒரு வரிக் கடிதத்தோடு நாலாம் எண்ணின் கதவுத் துவாரத்தில் போட்டுவிட்டு வந்தான். அவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். திருப்பி அனுப்பினால் நான் மறுபடி போய்க் கெஞ்சலாம், அவர் மனம் இளகலாம், இப்படியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவர் திங்கட்கிழமையே பாங்கில் போட்டு எடுத்துக்கொண்டார். சரிதானே? அவர் பணம். ஆனால் அதற்குள் மேபிள்தார்ப்பில் விலை ஏறியிருந்தது, கடல் தெரிகிற ஃப்ளாட் அவருக்குக் கிடைக்கவில்லை. டோரினோடேயே இருந்துவிட்டார். அந்த மஞ்சள் திரை தங்கை வீட்டு மாடிச் சன்னலில் தொங்கியது. என் படுக்கையறையிலிருந்து பார்த்தால் நேரே தெரியும்.

ஆபீஸில் ஈரம் என்று ஒரு கடிதம் அடிக்க வரும்போதெல்லாம் என் விரல் நின்றுவிடும். ஒரு வருடம் பார்த்துவிட்டு அந்த வேலையை விட்டேன். இப்போது பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்று கிளைவ் இரண்டு முறை கேட்டான். போயிருக்கலாம். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதானே போகவேண்டும் என்று சொன்னேன். அவன் அப்புறம் கேட்கவில்லை.

மிஸஸ் டான்ஸ்லியை வாரத்தில் மூன்று நாலு தடவை பார்ப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். "காலை வணக்கம், மிஸஸ் ஸ்கெல்டன். நல்லா இருக்கீங்களா?" 'கண்ணு' போய்விட்டது, 'லோர்னா' போய்விட்டது. நீ, வா, உட்காரு எல்லாம் போய், நீங்க, வாங்க ஆகிவிட்டது. இத்தனை மரியாதையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அதை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் கோட்டைக் கழற்றாமல் நிற்பேன்.

மூன்றாம் வருடம் பிப்ரவரியில் தெரு முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது பின்னால் ஒரு சத்தம். மிஸஸ் டான்ஸ்லி புல்தரை ஓரத்தில் விழுந்து கிடந்தார். கடைப் பை கவிழ்ந்து முட்டை உடைந்து பனியில் ஓடியது. வேறு யாரும் வெளியே இல்லை. ஓடினேன், நானும் பாதி வழுக்கினேன். கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார். எழுப்பி நிறுத்தினேன். ஒரு கால் ஊன்ற முடியவில்லை. என் தோளில் பாரத்தைப் போட்டு, ஒவ்வொரு அடியாக, இருபது கெஜத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. என்னென்னவோ சொல்லலாம் என்று தோன்றியது. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தான், கிளைவ் இல்லை என்று இப்போதாவது சொல்லலாம் என்று தோன்றியது. "பார்த்து, இங்க ஒரு படி" என்று மட்டும் சொன்னேன்.

வாசலில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போதும். உங்களுக்கு வேலைக்கு நேரமாகுது. ரொம்ப நன்றி, மிஸஸ் ஸ்கெல்டன்."

"டாக்டருக்குப் போன் பண்ணவா?"

"டோரின் இருக்கா, பண்ணுவா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார். நான் திரும்பிப் போய், பனியில் கிடந்த பையை எடுத்து, உடையாத நாலு முட்டைகளைப் பொறுக்கி அதில் வைத்து, அவர் வாசற்படியில் வைத்தேன். மணியை அடிக்கவில்லை.